எங்க ஊட்டுக் கைவாகு

ஒரு சாமானை ரிப்பேர் பண்ணுனதுக்குப் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போவாளாங்க தம்பி? அதும் முப்பத்தோரு வருசம் குடும்பம் நடத்துனவ? நீங்களே சொல்லுங்க. அட உக்காருங்க, எந்திரிக்காதீங்க. இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன், எடம் பத்தும். பஸ்ஸு பொள்ளாச்சி போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகுது, சும்மா எதுக்கு வாயை மூடிட்டுப் போறது, சித்த பழமை பேசிட்டுப் போலாம்.

பை நெறையப் பத்திரிகை. வர்ற ஆவணியில என்ர பையனுக்குக் கல்யாணம். இந்தாங்க, நீங்களும் ஒண்ணு வெச்சுக்கங்க. மேல போட்டிருக்குது பாருங்க, அது என்னைப் பெத்த அய்யன் பேரு. அடுத்தது என்ர பேரு, சென்னியப்பன். கீழ பையன், தீபன். பொண்ணு மதுமிதா, உடுமலைப் பக்கம், படிச்ச புள்ள. இதே பத்திரிகையைத்தான் இன்னைக்குத் தாராபுரத்துல என்ர மச்சினன் ஊட்டுல வெத்தலைபாக்கோட வெச்சுட்டு வர்றேன். யாருக்குன்னு நெனச்சீங்க? என்ர பொண்டாட்டி கலாமணிக்கு. பெத்த பையன் கல்யாணத்துக்குப் பெத்தவளுக்கே பத்திரிகை வெக்கற கெரகம் எவனுக்காச்சும் வந்திருக்குதுங்களா?

என்ன சாமான்னு நீங்க கேக்கவே இல்லையே. துப்பாக்கிங்க. அட பயப்படாதீங்க, இந்தப் பையில இல்ல, ஊட்டுல பீரோவுல கெடக்குது. லைசென்ஸ் இருக்குது. ரிவால்வரு. எங்கப்பாரு, எங்கய்யனைப் பெத்தவரு, அவரு காலத்துச் சாமான். ஆனைமலைக்கு மேல காப்பித் தோட்டம் வெச்சிருந்த வெள்ளக்காரன் ஊரைப் பாத்துப் போறப்ப எங்கப்பாருக்குக் குடுத்துட்டுப் போனது. அப்பாருகிட்டருந்து எங்கய்யனுக்கு, அய்யன்கிட்டருந்து எனக்கு. எலெக்சன் வந்தா ஸ்டேசன்ல கொண்டுபோய் ஒப்படைக்கோணும். அந்த ஒரு மாசம் சோறே எறங்காதுங்க எனக்கு.

ஏன்னா எங்க ஊட்டுல ஒரு வழக்கம். ஊட்டு ஆம்பளை சோத்துக்கு உக்காந்தான்னா இலைக்கு வலது பக்கம் தண்ணிச் சொம்பு, இடது பக்கம் அது. அப்பாரு காலத்துலருந்து அப்படித்தான். வெள்ளிக்கெழமையானா பழைய வேட்டித் துணியில நல்லெண்ணெய் தொட்டு அதைத் தொடைச்சு வெக்கறது ஊட்டுப் பொம்பளை வேலை. எங்கம்மா தொடைச்சாங்க. அவங்களுக்கப்பறம் கலாமணி. எங்கம்மா சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னால அந்த எண்ணெய்த் துணியை மருமக கையில வெச்சு, இறுக்கிப் புடிச்சு, காதுல என்னமோ சொன்னாங்க. நான் வாசப்படியில நின்னு பாத்துட்டே இருந்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. பரம்பரைச் சாமானை என்ன பொறுப்பா ஒப்படைக்கறாங்க பாருன்னு நெனச்சேன்.

எங்கய்யன்கிட்ட ஒரு வித்தை இருந்துச்சு தம்பி. இதைக் கேட்டீங்கன்னா அசந்துருவீங்க. அந்த ரிவால்வருல உருளையாட்ட ஒண்ணு இருக்கும், ஆறு குழி. ஒரே ஒரு குழியில தோட்டாவைப் போட்டு, உள்ளங்கையால ஒரு சுத்து உடுவாரு. கர்ர்ர்னு சுத்தி நிக்கும். அந்தச் சத்தத்தை வெச்சே தோட்டா எந்தப் பக்கம் நிக்குதுன்னு அவரு கைக்குத் தெரிஞ்சுரும். எங்கம்மா எதுத்துப் பேசுனா, கொழம்புல உப்பு ஏறிப்போச்சுன்னா, பொறந்த ஊட்டு நோம்பிக்குப் போகோணும்னு ரெண்டாந்தரம் கேட்டா, எடுத்து ஒரு சுத்து சுத்தி எங்கம்மா நெத்திக்கு நேராப் புடிச்சு ஒரு அமுத்து. டக். அவ்வளவுதான். "உனக்கு ஆயுசு கெட்டி புள்ள"ன்னு சொல்லிச் சிரிப்பாரு. வெளையாட்டுங்க. வருசத்துக்கு நாலஞ்சு தடவை இருக்கும், அதுக்கு மேல இல்ல.

மொதத் தடவை மட்டும் ஒரு பெசகு ஆயிப்போச்சு. எனக்கு அப்ப ஆறு வயசு. டமார்னு வெடிச்சு, குண்டு எங்கம்மா காதோரமாப் போயி சமையக்கட்டு நெலவுக் கட்டையில பூந்துக்கிச்சு. ஓட்டை இன்னும் இருக்குது, வந்தீங்கன்னா காட்டறேன். எங்கம்மாவுக்கு அந்த ஒரு காது அதுக்கப்பறம் கேக்காது. அய்யன் அன்னைக்குத் தண்ணி போட்டிருந்தாரு, அதுல கணக்குத் தப்பிப்போச்சு. ஆனா அதுக்கப்பறம் பாத்துக்கங்க, அவரு சாகற வரைக்கும் இருவத்தெட்டு வருசம், ஒரே ஒரு தடவை கூட வெடிக்கலை. அப்படிக் கை படிஞ்சுபோச்சு. ஒறம்பரைச் சனமெல்லாம் வந்தா அதைத்தான் பேசுவாங்க, கைவாகுன்னா இவரு கைவாகுதான்னு.

என்ன கேக்கறீங்க? வெளிய எங்கயும் சுட்டுப் பாக்கலையான்னா? அதெப்படிங்க. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஆபீசுல போயிப் பதில் சொல்லோணும். சும்மா காக்காயைச் சுட்டு வீணாக்க எங்கய்யனுக்கு மனசு வராது.

நான் கலாமணியைக் கட்டிட்டு வந்த மூணாம் மாசம், ஒரு நாள் மத்தியானம். அவ தங்கச்சிக்குச் சீரு, போயிட்டு வரட்டுங்களான்னு கேட்டா. வேண்டாம்னேன். மறுக்காக் கேட்டா. எங்கய்யன் பக்கத்து இலையில உக்காந்திருந்தாரு. அதை எடுத்து என்ர கையில குடுத்து, "எங்க, நீ பண்ணு பாக்கலாம்"னாரு. வாங்குனேன். சுத்துனேன். அவ நெத்திக்கு நேராப் புடிச்சு அமுத்துனேன். டக். அய்யன் என்ர முதுகுல ஓங்கித் தட்டி, "என்ர கையி அப்படியே வந்திருக்குதுடா"ன்னாரு. அன்னைக்கு வந்த சந்தோசம் எனக்குப் பையன் பொறந்தப்பக் கூட வரலை.

கலாமணி மயக்கம் போட்டு உளுந்துட்டா. எங்கம்மாதான் தூக்கிப் பின்னால பொடக்காணிக்குக் கூட்டிட்டுப் போயி மொகத்தைக் கழுவி உட்டாங்க. மாமியாளும் மருமகளும் துவைக்கற கல்லுல உக்காந்துட்டு நெம்ப நேரம் பேசிட்டிருந்தாங்க. திரும்பி வந்தப்ப ஆளு தேறிட்டா. அதுக்கப்பறம் எத்தனை தடவை பண்ணியிருப்பேன், ஒரு நாள் கத்துனதில்ல, அழுததில்ல. தாலியைக் கையில புடிச்சுட்டு, கண்ணை மூடிட்டு, ஆடாம அசையாம நிப்பா. டக்குன்னதும் கண்ணைத் தொறந்து, "ரசம் ஊத்தட்டுங்களா"ம்பா. அப்படி ஒரு பொம்பளை. என்ர கை மேல அத்தனை நம்பிக்கைன்னு நான் ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரிஞ்சேன் தம்பி.

ம். அதை உடுங்க. ரிப்பேருக்கு வர்றேன்.

தீபனுக்குப் பொண்ணு நிச்சயமாச்சு. எங்க தேங்கா நார் மில்லை இப்ப அவன்தான் பாத்துக்கறான். கல்யாணத்துக்கு ப்ளக்ஸ் வெக்கோணுமில்லீங்களா, மண்டபத்து வாசல்ல இருவதடி. அப்பாரு, அய்யன், நானு, தீபன், நாலு பேரும். தீபன் இடுப்புல அந்த ரிவால்வரு. அப்பத்தான எடுப்பா இருக்கும். போட்டோ புடிக்கற பையன் வந்து பாத்துட்டு ஒதட்டைப் பிதுக்கறான். "அய்யா, இது பழைய இரும்புக்குப் போடறாப்ல இருக்குதுங்க"ங்கறான். எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா பாத்தா நெசந்தான். கருப்பெல்லாம் உரிஞ்சு வெள்ளை வெள்ளையாக் கெடக்குது. குழல்ல சொறி. பிடியில ஒரு பக்கம் கட்டை ஒடைஞ்சு, எப்பவோ புளியங்கட்டையைச் செதுக்கி ஒட்டுனது. பரம்பரைச் சாமானை இப்படியா வெச்சிருக்கறதுன்னு, ரிப்பேர் பண்ணி, லைசென்ஸையும் தீபன் பேருக்கு மாத்தி, கல்யாணத்துல அவன் கையில குடுத்தரோணும்னு முடிவு பண்ணுனேன்.

அன்னைக்கே ஆரம்பிச்சா கலாமணி. "எதுக்குங்க? பழசு பழசாவே இருக்கட்டும். போட்டோவுக்கு வேற வாங்கி வெச்சுக்கட்டும்." நான் காதுல போட்டுக்கலை. மறுநா லைசென்ஸ் புக்கைத் தேடுனா காணம். புக்கு இல்லாம ரிப்பேர்காரன் தொட மாட்டான். பீரோவைக் கவுத்துப் போட்டாச்சு, காணம். கடைசியில அரிசி டிரம்முக்குள்ள இருந்து எடுத்தேன். அரிசியோட அரிசியாப் பொதைச்சு வெச்சிருக்கா! கன்னத்துல ரெண்டு போட்டேன். அப்பவும் ஏன்னு சொல்லலை பாருங்க. அதைத்தான் நான் அழுத்தம்ங்கறேன்.

கோயமுத்தூருல கமாலுதீன் பாய்னு ஒருத்தரு, துப்பாக்கி ரிப்பேர்ல கைதேர்ந்த ஆளு. கண்ணாடியை நெத்தியில தூக்கி உட்டுட்டு, சாமானைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நல்லெண்ணெய் போட்டதுக்குத் திட்டுனாரு, பிசினாட்டப் புடிச்சுக்குமாமா. நாலு நாள் கழிச்சுப் போன் பண்ணி வரச் சொன்னாரு. போனா, பிரிச்சு ஒரு துணியில பரப்பி வெச்சிருக்காரு. சுத்தியலாட்ட ஒண்ணு பின்னால இருக்கும், குதிரைம்பாங்க. அது மூக்குல ஒரு சின்ன முள்ளு இருக்கோணுமாம். அதுதான் தோட்டா பின்னால போய்க் குத்தறது. அந்த எடத்தைக் காட்டறாரு, மொழுக்கட்டையா இருக்குது.

"தேஞ்சுபோச்சுங்களா பாய்?"னேன்.

"தேஞ்சது இல்லீங்க. அரம் போட்டு அராவியிருக்கு. கோடு தெரியுது பாருங்க" அப்படின்னு பூதக்கண்ணாடியைக் குடுத்தாரு. "இப்ப நேத்து அராவுனதில்ல. அம்பது வருசம் இருக்கும். இதை வெச்சு ஒரு கொசுவைக் கூடச் சுட முடியாதுங்க."

நான் சொல்றேன், "பாய், எங்க ஊட்டுல இது எப்பவும் தோட்டாவோட இருந்த சாமான்"னு. அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. அப்பறம் மெதுவா, "போட்டோவுக்குத்தானுங்க? பாலீஸ் போட்டுக் கருப்பு ஏத்தித் தர்றேன். முள்ளை இப்படியே உட்டரலாமுங்களா? யாரோ நல்லது நெனச்சுத்தான் பண்ணியிருக்காங்க"ங்கறாரு. எப்படி இருக்கும் எனக்கு? வித்து இல்லாத காளையைப் பொலிக்குக் கட்டி வெச்சிருக்கச் சொல்றாப்ல. "நீங்க முள்ளு போடுங்க, உபதேசம் நான் கேக்கலை"னேன். அவரு துணியை மடிச்சுச் சாமானை உள்ள எடுத்துட்டுப் போயிட்டாரு.

யாரு அராவியிருப்பான்னு வர்ற வழியெல்லாம் ரோசனை. தோட்டத்துல சின்னான்னு ஒரு ஆளு, இருவத்தாறு வருசமா இருந்தான். அரம் அவன்கிட்டதான் இருக்கும், அருவாளுக்குச் சாணை புடிக்கறது அவன்தான். அவனுக்கு முன்னால அவங்கப்பன். போன வேகத்துல கன்னத்துல உட்டு, குடும்பத்தோட குடியிருந்த சாளையைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். அவன் காலைப் புடிச்சுட்டு அழுகறான், "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க சாமி"ன்னு. கலாமணி ஓடி வந்து, "அவன் இல்லீங்க, அவனை உட்டுருங்க"ன்னா. பின்ன யாருடின்னா, வாயை மூடிக்கிட்டா. இப்பத்தான தெரியுது. அவன் இல்லைன்னு தெரிஞ்சாலும் நான் கூப்புடப் போறதில்ல தம்பி. கூப்புட்டா நாமதான் தப்புன்னு ஆயிரும், அப்பறம் எவன் மதிப்பான்?

சாமான் வந்துச்சு. ஆகா! கருநீலமா மின்னுதுங்க. பிடிக்குப் புது வாதுமைக் கட்டை, வரி வரியா. கையில புடிச்சா வாழைத்தண்டாட்டக் குளுகுளுங்குது. பாய் குடுக்கறப்ப, "இப்ப இதுக்கு உசிரு வந்திருச்சு, பாத்து"ன்னாரு. நேராத் தென்னந்தோப்புக்குப் போனேன். ஒரு தேங்காயை வரப்புல வெச்சு, பத்தடி தள்ளி நின்னு ஒண்ணு உட்டேன். தேங்கா செதறிப்போச்சு. கொக்கெல்லாம் எந்திரிச்சுப் பறக்குது. என்ர வயசுக்கு அன்னைக்குத் துள்ளிக் குதிச்சேன்னா பாத்துக்கங்க.

ஊட்டுக்குள்ள வந்து கை கால் கழுவிட்டு இலைக்கு முன்னால உக்காந்தேன். எடது பக்கம் வெச்சேன். கலாமணி நெய்க் கிண்ணத்தோட வந்தவ அப்படியே நின்னுட்டா.

"தோப்புல சத்தம் கேட்டுச்சே"ன்னா.

"ஆமா, நாந்தான்."

"சுட்டுச்சுங்களா?"

"சுடாம? அதுக்குத்தான ரிப்பேரு"ன்னு சிரிச்சுட்டே, ஒரு தோட்டாவைப் போட்டு உருளையை ஒரு சுத்து உட்டேன். தூக்கக் கூட இல்லைங்க. சாமி சத்தியமா, இலைப் பக்கத்துலயேதான் இருந்துச்சு.

நெய்க் கிண்ணம் கீழ உளுந்துச்சு. அவ செவுத்தோட செவுறா ஒட்டிக்கிட்டா. மொகமெல்லாம் வேத்துக் கொட்டுது. வாயிலருந்து ஒரு சத்தம், நாய்க்குட்டி முனகறாப்ல. தாலியும் புடிக்கலை, கண்ணையும் மூடலை, கண்ணு ரெண்டும் அந்தக் குழலையே பாத்துட்டிருக்குது. காலோட தண்ணி போகுது. முப்பத்தோரு வருசத்துல நான் அப்படிப் பாத்ததே இல்ல. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளுமையாத்தான் இருந்துச்சு. அட, இதுதான் பயம், இத்தனை நாளா நாம பாத்தது வேற என்னமோன்னு தோணுச்சு. அப்பறம் எந்திரிச்சு உள்ள போனா. மாத்துச் சீலை ரெண்டை ஒரு பையில போட்டுட்டுப் பின்கட்டு வழியா நடந்து, டவுன் பஸ் ஏறிப் போயிட்டா. நான் சாப்புட்டு முடிக்கறதுக்குள்ள.

மூணு வாரமாச்சு. நானா எறங்கிப் போறதான்னு இருந்தேன். ஆனா மாப்பிள்ளைக்குத் தாய் இல்லாம மணவறையில எப்படிங்க? ஊரு என்ன பேசும்? அதுதான் இன்னைக்குப் போனேன். மச்சினன் நடராசு ஊட்டு முன்னால ஆசாரத்துல உக்காந்துட்டு அவரைக்காய் கிள்ளிட்டிருக்கா. மூணு வாரத்துல மூஞ்சி தெளிஞ்சிருக்குது, ஒடம்பு புடிச்சிருக்குது. அதைப் பாத்ததுமே எனக்கு எரிஞ்சுது. இருந்தாலும் பத்திரிகையைத் தட்டத்துல வெச்சு, "கெளம்பு, நடந்தது நடந்துபோச்சு, நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை"ன்னேன். பெருந்தன்மையாத்தான பேசுனேன்?

அப்பத்தான் தம்பி அவ வாயைத் தொறக்கறா.

"அதை அராவுனது சின்னான் இல்லீங்க. உங்கம்மா"ங்கறா. காது போச்சே, அந்த வாரத்து வெள்ளிக்கெழமை, தொடைக்கறதுக்கு உக்காந்தப்ப, அருவாளுக்கு வெச்சிருந்த அரத்தை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா, மூணு வெள்ளிக்கெழமை உக்காந்து அராவியிருக்காங்க எங்கம்மா. கலாமணி மயக்கம் போட்டு உளுந்தாளே, அன்னைக்குத் துவைக்கற கல்லுல உக்கார வெச்சு இதைத்தான் சொல்லியிருக்காங்க. "அது சுடாது அம்மணி. நான் அதைக் கொன்னுட்டேன். ஆனா சிரிச்சுக் கிரிச்சு வெச்சறாதே. தாலியைப் புடிச்சுட்டுக் கண்ணை மூடிப் பயந்தாப்ல நில்லு. தெரிஞ்சுதுன்னா புதுசு போட்டுருவாங்க"ன்னு. சாகறப்ப எண்ணெய்த் துணியைக் குடுத்துக் காதுல சொன்னதும் அதுதானாமா. "ரிப்பேருக்கு மட்டும் போக உட்டறாதே அம்மணி."

கேட்டீங்களா? எங்கய்யனை இருவத்தெட்டு வருசம். என்னை முப்பத்தோரு வருசம். ரெண்டு பொம்பளைகளும் எங்க சோத்தைத் தின்னுட்டு, எங்க முன்னாலயே கண்ணை மூடிட்டு நின்னு, உள்ளுக்குள்ள எங்களைப் பாத்துச் சிரிச்சுட்டு இருந்திருக்காளுக! நம்பிக்கைத் துரோகம்னா இதுதானுங்க. நீ சிரிச்சயாடீன்னு கேட்டேன். "இல்லீங்க, உசிரோட இருந்தேன்"ங்கறா. கொழுப்பைப் பாருங்க.

என்ன தம்பி, என்னமோ சொல்ல வந்தீங்க? முள்ளே இல்லாதப்ப எப்படி வெடிக்கும், அதுல கைவாகு எங்கருந்து வந்துச்சுன்னா? அட, அது வேற, இது வேறங்க. முள்ளு இருந்திருந்தாலும் எங்கய்யன் கைக்கு வெடிச்சிருக்காது. உங்களுக்கு அந்தக் கையைப் பாத்திருந்தாத் தெரியும்.

புது முள்ளு போட்டப்பறம் நான் பண்ணிப் பாத்தனான்னா? பாத்தேன். அவ போன மறுநா, சும்மா செவுத்துக்கு நேராப் புடிச்சு. ரெண்டாவது அமுத்துக்கே வெடிச்சுப்போச்சு. சாமி படம் ஒண்ணு போச்சு. புதுச் சாமானில்லீங்களா, கை பழகோணும். ஆனா தீபன் வாங்கிப் பண்ணுனான் பாருங்க! ஒரு சுத்து, ஒரு அமுத்து, டக். மூணு தடவை பண்ணுனான். மூணும் டக். எங்கய்யன் என்னைத் தட்டுனாப்லயே அவன் முதுகுல ஒண்ணு தட்டுனேன். ஒரு தலைமுறை தாண்டிப் பேரனுக்குத்தான் அந்தக் கை வந்திருக்குது.

சரி, கலாமணி என்ன சொல்றான்னா, வர்றதுக்கு மாட்டேன்னு சொல்லலை. ஒரு கண்டிசன் போடறா. எனக்கே கண்டிசன். "அந்த முள்ளை மறுக்கா அராவிட்டு வாங்க. இல்லைன்னா ஸ்டேசன்ல ஒப்படைச்சுட்டு ரசீதைக் கொண்டாங்க. உங்க பின்னாலயே வர்றேன். அடிங்க, ஒதைங்க, சோறு போடாதீங்க, ஒண்ணுங் கேக்க மாட்டேன்"ங்கறா. சொல்லிட்டுப் பொசுக்குன்னு என்ர காலைப் புடிச்சுக்கிட்டா. மச்சினன், மச்சினன் பொண்டாட்டி எல்லாரும் பாத்துட்டிருக்காங்க. "வர்ற புள்ளைக்கு இருவத்திநாலு வயசுங்க. எங்கத்தை எனக்கு ஒரு வார்த்தை சொன்னாங்க, அதுல நான் பொழைச்சுக் கெடந்தேன். நான் அந்தப் புள்ளைக்கு என்னங்க சொல்லுவேன்?"

"என்னத்தைச் சொல்லறது? சமையல் சொல்லிக் குடு, சாமிக்கு வெளக்கு வெக்கச் சொல்லிக் குடு"ன்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்குதே, பைத்தியக்காரனைப் பாக்கறாப்ல. காலை ஒதறி உட்டுட்டு வந்துட்டேன். இத்தனை பாடுபட்டு உசிரு குடுத்த சாமானை மறுக்கா மொழுக்கட்டை ஆக்கறதாங்க? அப்பாருக்கு நான் என்ன பதில் சொல்லறது?

பொண்ணு ஊட்டுல போயி இவ ஏதாச்சும் உளறிக் கொட்டிருவாளோன்னு ஒரு யோசனை இருந்துச்சு. அதுக்கும் வழி பண்ணிட்டேன். "கலாமணிக்கு மனசு சரியில்லைங்க, வைத்தியம் பாக்கறோம். துப்பாக்கி, குண்டுன்னு ஏதாச்சும் பெனாத்துவா, கண்டுக்காதீங்க"ன்னு சம்பந்திகிட்டப் போன வாரமே சொல்லி வெச்சுட்டேன். நல்ல மனுசங்க, பாவம், கண் கலங்கிட்டாங்க. அந்தப் புள்ள மதுமிதா கூடப் போன்ல, "அத்தை வந்தா நான் நல்லாப் பாத்துக்கறேன் மாமா"ன்னுச்சு. தங்கமான புள்ள. கொஞ்சம் வாய் எச்சு. கல்யாணத்துக்கப்பறமும் வேலைக்குப் போலாமான்னு தீபன்கிட்ட ரெண்டு தரம் கேட்டிருக்குது. அதெல்லாம் வந்தாச் சரியாப் போயிரும்.

இதென்ன, பத்திரிகையைத் திருப்பித் தர்றீங்க? வெச்சுக்கங்க தம்பி, வீட்டுல சாமி மாடத்துல வெய்யுங்க. அவசியம் வரோணும். கண்டக்டரு, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுதா, வெளியவே நிக்குதா? சித்த காலை மடக்கிக்கங்க, எறங்கிக்கறேன்.

பொண்ணுக்குத் தெரியுமான்னு கேக்கறீங்களா? எது, நம்மூட்டு வழக்கமா? இல்லீங்க, தெரியாது. மொத நாள் அது கையால சோறு போடறப்ப தீபன் இலைப் பக்கத்துல எடுத்து வெப்பான், பாத்துத் தெரிஞ்சுக்கட்டும். முன்கூட்டி உக்கார வெச்சு இன்னது இப்படீன்னு சொல்லறதெல்லாம் பொம்பளைக வேலைங்க. இப்ப எங்க ஊட்டுல பொம்பளைன்னு யாருமில்லீங்களே.